மணி மிதவைக்கு எந்தப் பக்கம்

வெதர்ஸ்பி, அலபாமா
ஏப்ரல் 14, 1970

அன்புள்ள ஏவிஸ் அக்காவுக்கு,

லோர்ன் எழுதுகிறேன். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. இடது தொடையில் ஒரு பிடிப்பு இருக்கிறது, வெயிலில் ஓட ஆரம்பித்தால் அதுவும் விட்டுவிடுகிறது. அப்பா, அம்மா, நீ, உன் விரல்கள் எல்லாம் எப்படி? மீன் வரத்து தொடங்குமுன்பே விரலில் துணி நாடா சுற்றிக்கொள். போன வருஷம் மாதிரி மீன் டப்பாத் தொழிற்சாலைக் கத்தரிக்கோலால் கிழித்துக்கொண்டு எனக்கு நாலு பக்கம் புலம்பல் எழுதாதே.

இந்த வருஷம் என்னை ஒரு படி மேலே ஏற்றியிருக்கிறார்கள். பேஸ்பால் மைனர் லீக்கில் இன்னும் ஒரு படி, அதற்கு மேலே பெரிய லீக்தான். பேருந்தில் பதினொரு மணி நேரம் போகிறோம், ஆடுகிறோம், திரும்பவும் பேருந்து. சாலையோர விடுதியில் ஓர் அறை, இரண்டு கட்டில். மற்ற கட்டில்காரன் எலாடியோ, டொமினிக்கன் நாட்டுக்காரன், உள்மைதானத்தில் ஆடுகிறான். இந்த ஊர் சோளக்கஞ்சியில் அவன் சர்க்கரை போட்டுச் சாப்பிட்டதை உணவுக்கடைக்காரி பார்த்த பார்வையை நீ பார்த்திருக்க வேண்டும். மூன்று வாரமாகப் பத்து முறை மட்டை பிடித்தால் மூன்று அடிக்குக் குறையாமல் அடித்திருக்கிறேன். அப்பாவிடம் சொல்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். வெளிநாட்டு ஆட்டக்காரருக்கு இந்த அணியிடம் மூன்று அனுமதிச் சீட்டுதான் உண்டு. நாங்கள் நான்கு பேர் இருக்கிறோம். ஜூன் முப்பதுக்குள் ஒருவனைக் கழித்துக் கட்ட வேண்டும். மற்ற இருவரும் பந்து வீசுகிறவர்கள், அவர்களை விடமாட்டார்கள். ஆக, நான் அல்லது எலாடியோ. எங்கள் மேலாளர் பக் சோரல் நேற்று என்னைக் கூப்பிட்டார்.

"டேய் கனடா, நீ எங்கடா பொறந்த?"

"படகுலங்க."

"படகுலயா? எந்தத் தண்ணியில?"

"எங்க தீவுக்கும் மெயின் மாநிலத்துக்கும் நடுவுல."

வாயிலிருந்த புகையிலையைத் துப்பிவிட்டுக் கேட்டார்: "நடுவுலன்னா ஒரு கோடு இருக்குமில்ல? கோட்டுக்கு அந்தப் பக்கம்னா நீ அமெரிக்கக்காரன்டா. உனக்குச் சீட்டே வேணாம். ஒரு காகிதம் கொண்டா, நாலு பேரையும் வெச்சுக்கறேன்."

அக்கா, சிரிக்காதே. கோடு எது என்று நமக்குத் தெரியும். அலையில் ஆடி ஆடி மணியடிக்கிற அந்த மிதவைதான் எல்லை. அம்மாவுக்கு வலி எடுத்து, அப்பா அக்கரையில் ஹில்டா அத்தை வீட்டுக்குப் படகு எடுத்து, கரை சேருவதற்குள் நான் வந்துவிட்டேன், நீ விளக்கைப் பிடித்துக்கொண்டு அழுதாய். இருபத்துமூன்று வருஷமாக இதைத்தானே சொல்கிறீர்கள்? படகு மிதவைக்கு எந்தப் பக்கம் இருந்தது என்று அப்பாவிடம் கேட்டு எழுது. போனில் கேட்க எனக்கு இஷ்டமில்லை. எட்டு வீட்டுக்கு ஒரே கம்பி, தீவு முழுக்கக் காது வைக்கும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.
லோர்ன்


கேலப் தீவு, நியூ பிரன்ஸ்விக்
மே 2, 1970

தம்பி லோர்னுக்கு ஏவிஸ் அக்காவின் ஆசிகள்.

இங்கே எல்லாரும் இருக்கிறபடி இருக்கிறோம். அப்பாவுக்கு முட்டிவலி, அம்மாவுக்கு உன் கவலை, எனக்கு அவர்கள் இரண்டு பேரும். உன் தொடைக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு.

உன் கடிதம் வந்தபோது அஞ்சலகத்தில் ஏழெட்டுப் பேர். அஞ்சலகக்காரர் உறையை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தார். "அலபாமாவா? மட்டை உடைஞ்சுதா, பையன் உடைஞ்சானா?" என்றார். "அடுத்தவங்க கடுதாசிக்குள்ள நீட்டினா உங்க மூக்குதான் உடையும்" என்றேன். நீ பத்துக்கு மூன்று அடிக்கிற செய்தி நான் வீடு வருமுன்பே வீட்டுக்கு வந்துவிட்டது.

குளிர்காலப் பனிக்கட்டி, மீனை அடைக்க அப்பா கடலில் நட்டிருந்த மீன்பட்டிக் கழிகளைச் சாய்த்துவிட்டது. முப்பது கழி புதிதாக நட வேண்டும். இரண்டு ஆள் வைத்திருக்கிறார். ஒருவன் குடிக்கிறான், மற்றவன் அவனைத் தேடப் போகிறான்.

அத்தை மகன் டெல்மருக்கு அமெரிக்க ராணுவத்திலிருந்து கட்டாயச் சேர்ப்புக் கடிதம் வந்துவிட்டது. இருபதாம் தேதி கிளம்புகிறான். ஞாயிற்றுக்கிழமை, எட்டு வருஷம் முன்பு போட்ட பாலம் தாண்டி அக்கரையில் அவர்கள் வீட்டுக்குச் சாப்பிடப் போயிருந்தோம். ஹில்டா அத்தை மீனும் உருளைக்கிழங்கும் பன்றிக்கொழுப்பும் செய்திருந்தாள், அவனுக்குப் பிடித்தது. அவன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். தலைமுடியை ஒட்ட வெட்டியிருந்தான். "ஏன்டா இப்பவே?" என்றேன். "அவனுங்க வெட்டுறதுக்கு முன்னாடி நானே வெட்டிக்கிட்டேன்" என்றான். அத்தை அவன் தட்டில் இன்னொரு துண்டு மீனை வைத்தாள்.

படகு விஷயம் கேட்டிருந்தாய். அன்றைக்கு மூடுபனி, தன் கையே தனக்குத் தெரியவில்லை. மிதவையை யார் பார்த்தார்கள்? ஒரு ஆட்டக்காரனை வைத்துக்கொள்வதா வேண்டாமா என்பதற்குப் படகைப் போய்க் கேட்பார்களா? நன்றாக அடி. தானாக வைத்துக்கொள்வார்கள்.

வேளைக்குச் சாப்பிடு.
உன் அக்கா ஏவிஸ்


வெதர்ஸ்பி
மே 11, 1970

அக்கா,

நலம். அங்கும் அப்படியே என்று நம்புகிறேன். டெல்மருக்கு என் வாழ்த்தைச் சொல். வாழ்த்து என்று சொல்வது சரியா தெரியவில்லை, வேறு ஏதாவது நல்லதாகச் சொல்.

மூடுபனி என்கிறாய். மிதவையில் மணி எதற்குக் கட்டியிருக்கிறார்கள்? மூடுபனியில் கேட்பதற்குத்தானே? அப்பா நாற்பது வருஷமாகக் காதாலேயே படகு ஓட்டுகிறவர். மணி முன்னால் கேட்டதா, பின்னால் கேட்டதா என்று மட்டும் கேள். ஒரு வார்த்தை.

இங்கே எனக்கு நல்ல காலம். நடு வெளிமைதானத்தில் ஆடிய டானி போன செவ்வாய்க்கிழமை கிளம்பிவிட்டான். அந்த இடம் இப்போது எனக்கு. ஆறு வருஷமாக ஓரத்தில் நிற்க வைத்து, இப்போதுதான் நடுவில் விட்டிருக்கிறார்கள். உனக்கு இது புரியுமா தெரியவில்லை, சொல்லிப் பார்க்கிறேன். மட்டையில் பட்ட சத்தத்திலேயே பந்து எங்கே விழும் என்று காலுக்குத் தெரிந்துவிடுகிறது. பந்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஓடுகிறேன். திரும்பிக் கையை நீட்டும்போது அது அங்கே இருக்கிறது. நேற்று அப்படி ஒன்று பிடித்தேன். பக் எழுந்து நின்றார், அந்த ஆள் தேசிய கீதத்துக்கே அரைமனதாக எழுந்திருப்பவர். இதைத் தவிர எனக்கு வேறு எதுவும் வேண்டாம் அக்கா. நிஜமாகவே வேறு எதுவும் வேண்டாம்.

படுத்தால் தூக்கம் வருவதில்லை. எழுந்து விடுதியைச் சுற்றி நடக்கிறேன். ஜூன் முப்பது, ஜூன் முப்பது என்று கால் சொல்கிறது. சீக்கிரம் எழுது.

லோர்ன்


கேலப் தீவு
மே 30, 1970

தம்பிக்கு,

சுகம். நீயும் சுகமாக இருக்க வேண்டும். பதில் தாமதமானதற்கு மீன் வரத்துதான் காரணம். பத்து நாளாகத் தொழிற்சாலைச் சங்கு விடியுமுன்பே ஊதுகிறது. மூன்று விரலில் நாடா, நாலாவதில் காயம். சந்தோஷமா?

அப்பாவிடம் கேட்டேன். "அன்னிக்கு மணி எந்தப் பக்கம் கேட்டுச்சுப்பா?" என்றேன். "உங்கம்மா போட்ட கூச்சல்ல மணி எங்கடி கேட்டுச்சு?" என்றார். நான் சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை. மேசையை விட்டு எழுந்து போய்விட்டாள். அடுப்பிலிருந்த இனிப்பு அடை கருகிற்று. அதைச் சுரண்டித்தான் சாப்பிட்டோம்.

டெல்மர் போய்விட்டான். அத்தை பேருந்து நிலையத்திலிருந்து நேரே தான் வேலை பார்க்கிற ஊர் அலுவலகத்துக்குப் போய், சாயங்காலம் வரை நாய் உரிமங்கள் எழுதிக்கொண்டிருந்தாளாம்.

தொழிற்சாலையில் மேற்பார்வைக்கு ஆள் தேடுகிறார்கள். உன் பெயரைச் சொல்லி வைத்திருக்கிறேன், கோபிக்காதே. ஜூலை முதல் தேதி பக்கத்துத் தீவுக்காரர்களோடு நம் பையன்கள் ஆடுகிறார்கள். வெளிமைதானத்தில் பாதிரியாரை நிறுத்தப் போகிறார்கள் என்றால் நிலைமையைப் பார். நீ இருந்தால் அவர் போய் ஜெபம் செய்யலாம். இக்கரைக்கு அக்கரை பச்சைதான் லோர்ன். இக்கரையும் ஒன்றும் காய்ந்து போய்விடவில்லை.

அப்பா கேட்கச் சொன்னார்: அங்கே மழை உண்டா?

உன் அக்கா


வெதர்ஸ்பி
ஜூன் 6, 1970

அக்காவுக்கு,

நான் இருக்கிறேன். நீங்களும் இருங்கள்.

மழையைப் பற்றிக் கேட்கிறார் அப்பா. மீன் பெட்டிகளை எண்ணுகிற வேலைக்கு என் பெயரைக் கொடுக்கிறாய் நீ. நான் கேட்டது ஒன்று. அதைத் தவிர எல்லாவற்றுக்கும் பதில் வருகிறது. உனக்கு அன்றைக்குப் பன்னிரண்டு வயது, கைக்குழந்தை இல்லை. விளக்கைப் பிடித்தவள் நீ. உனக்குத் தெரியாதா?

எலாடியோவைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டும். தினமும் ஆட்டத்துக்கு முன் எங்கள் இருவர் சட்டையையும் அவன்தான் தேய்க்கிறான். என் சட்டையைத் தேய்க்காதே என்றால் கேட்பதில்லை. "நாம ரெண்டு பேர்ல யாரு போனாலும் நல்ல சட்டையில போகணும்" என்கிறான். அவன் ஊரில் அவனுக்கு இரண்டு பெண் குழந்தைகள். ஒன்றை இன்னும் பார்க்கவே இல்லை. நேற்று பேருந்தில், "லோர்ன், உங்க அக்கா எழுதினாங்களா?" என்று கேட்டான். அவனுக்கும் உன் கடிதம்தான் வர வேண்டும். நான் அக்கரைக்காரன் என்றால் யாரும் போக வேண்டாம். இரண்டு பேர் ஒரு நாற்காலியைச் சுற்றி ஓடிக்கொண்டிருக்கிறோம், நீ அங்கே உட்கார்ந்து பாட்டை நிறுத்தமாட்டேன் என்கிறாய்.

பன்னிரண்டு ஆட்டத்தில் எனக்கு நாலே அடி. பந்து வருவது தெரிகிறது, கைதான் முந்திக்கொள்கிறது.

நீ சொல்லாவிட்டால் போ. அக்கரை ஊரான ஹாஸ்கெலின் அலுவலகத்துக்கே எழுதிவிட்டேன். என் பெயரில் ஏதாவது பிறப்புப் பதிவு இருந்தால் நகல் அனுப்பச் சொல்லி, மூன்று டாலர் கட்டணமும் வைத்திருக்கிறேன். அத்தைதானே அங்கே எழுத்தர்? ஒரு வாரத்தில் வந்துவிடும்.

லோர்ன்


வெதர்ஸ்பி
ஜூன் 17, 1970

அக்கா,

சுகம் விசாரிக்க நேரமில்லை, மன்னித்துக்கொள். உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை. ஹாஸ்கெலிலிருந்தும் வரவில்லை. வெட்கத்தை விட்டு நேற்று வீட்டுக்குப் போன் செய்தேன். அம்மா எடுத்தாள். கம்பியில் இன்னும் நாலு பேர் மூச்சு விடுவது கேட்டது.

"அம்மா, அக்கா எங்க?"

"வேலைக்குப் போயிருக்கா. சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன். அம்மா, ஒண்ணு கேக்கணும்."

"என்ன சாப்பிட்ட?"

"அம்மா, நான் படகுல பொறந்தப்ப..."

"அங்க வெயில் ஜாஸ்தியாமே, தொப்பி போட்டுக்க" என்று வைத்துவிட்டாள்.

தொப்பி போட்டுக்கொண்டுதான் ஆடுகிறோம் என்று அவளிடம் சொல். இன்னும் பதின்மூன்று நாள். எழுது.

லோர்ன்


வெதர்ஸ்பி
ஜூலை 1, 1970

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். முடிந்தது.

நேற்று ஆட்டத்துக்கு முன் பக் தன் அறைக்குக் கூப்பிட்டார். போகும்போது யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. அந்த அறைக்கு யார் போனாலும் நாங்கள் ஷூ நாடாவைத்தான் பார்ப்போம், நானும் அப்படிப் பார்த்தவன்தான்.

"காகிதம் வந்துச்சா?"

"இல்லீங்க."

"உங்க ஊர்ல யாருக்கும் எழுதப் படிக்கத் தெரியாதா?"

"நல்லாத் தெரியும்."

"நீ நல்லா ஓடுறடா. நடுவுல உன்னை மாதிரி ஓடுறவன் எனக்கு இல்ல. ஆனா இந்த மாசம் நீ அடிச்ச அடிக்கு, சீட்டு அவனுக்குத்தான்" என்றார். கை கொடுத்தார்.

எலாடியோ கட்டிலில் உட்கார்ந்து அழுதான். அவன்தான் ஜெயித்தவன், அவனை நான் தேற்ற வேண்டியதாயிற்று. தேய்த்த சட்டையைக் கழற்றித் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

மீன்பெட்டி எண்ண நான் வரமாட்டேன். கியூபெக்கில் சாந்த் அமெலி என்று ஒரு காகித ஆலை ஊர், அவர்களுக்கு ஓர் அணி இருக்கிறது. பகலில் ஆலையில் வேலை, சாயங்காலம் ஆட்டம். ஆள் வேண்டுமாம். இன்றைக்கே பேருந்து ஏறுகிறேன். அங்கிருந்து யாரும் பெரிய லீக்குக்குப் போனதில்லை, அதையும் விசாரித்துவிட்டேன்.

ஒரே ஒரு வார்த்தை கேட்டேன் அக்கா. வாழ்க்கையில் உன்னிடம் வேறு ஏதாவது கேட்டிருக்கிறேனா?

லோர்ன்


கேலப் தீவு
ஜூலை 8, 1970

என் தம்பி லோர்னுக்கு,

நீ எங்கே இருந்தாலும் நல்ல சுகத்தோடு இருக்க வேண்டும். இந்தக் கடிதத்தைச் சாந்த் அமெலி அணியின் பெயருக்கு அனுப்புகிறேன், கிடைக்கும் என்று நினைக்கிறேன். உட்கார்ந்து படி.

நீ படகில் பிறக்கவில்லை. படகு மிதவையைத் தாண்டி, துறையைச் சேர்ந்து, அப்பா அம்மாவைத் தூக்கிக்கொண்டு ஓடி, ஹில்டா அத்தையின் சமையலறைக்குப் பக்கத்து அறையில் இரண்டு மணி நேரம் கழித்துப் பிறந்தாய். டாக்டர் வந்தார். ஹாஸ்கெலில் உன் பெயரைப் பதிந்தார்கள். ஒரு வாரம் கழித்து உன்னை இங்கே கொண்டுவந்ததும், படகில் பிறந்ததாக அப்பா நம் கோயிலில் சொன்னார். பாதிரியார் கேள்வி கேட்காமல் எழுதிக்கொண்டார். அப்போதெல்லாம் எல்லாரும் செய்ததுதான். ஆஸ்பத்திரி அக்கரையில், பிள்ளை நம் நாட்டுப் பிள்ளையாக வேண்டும், ஆகவே படகு. நம் தீவில் படகில் பிறந்தவர்களைக் கணக்கெடுத்தால் அத்தனை படகு இங்கே இருந்ததே இல்லை. அது ஒரு பொய் என்றுகூட யாரும் நினைக்கவில்லை. உனக்கும் சொல்ல வேண்டுமென்று தோன்றவில்லை.

போன டிசம்பரில் அத்தை ஒரு செய்தித்தாளோடு பாலம் தாண்டி வந்தாள். போருக்காக அமெரிக்க ராணுவத்துக்கு யாரை முதலில் எடுப்பது என்று பிறந்த தேதிகளைச் சீட்டுக் குலுக்கிப் போட்டிருந்தார்கள். டெல்மரின் தேதிக்கு ஒன்பது. அத்தை அதைக் காட்டிவிட்டு, விரலை இரண்டு அங்குலம் மேலே நகர்த்தினாள். அக்டோபர் இருபத்தாறு, உன் பிறந்த நாள். ஏழு. அம்மா அந்தத் தாளைக் கணப்பில் போட்டாள். பிறகு, "இவன் படகுலதான் பொறந்தான். கேட்டவங்க எல்லாருக்கும் அதான்" என்றாள்.

நாலு மாதம் கழித்து உன் கடிதம் வருகிறது, படகு எந்தப் பக்கம் என்று.

ஜூன் பத்தாம் தேதி அத்தை என்னைக் கூப்பிட்டு விட்டாள். நீ ஊர் அலுவலகத்துக்கு எழுதியது அவள் மேசையில் இருந்தது. "இதுக்கு நான் பதில் எழுதியே ஆகணும் ஏவிஸ், இது என் வேலை" என்றாள். அக்கரையில் பிறந்தவன் என்பதால் பதினெட்டு வயதிலேயே நீ ராணுவத்தில் பெயர் பதிந்திருக்க வேண்டுமாம், பதியாதது தனிக் குற்றமாம், அதையும் சொன்னாள். பிறகு, "இந்த மாசம் வேலை ஜாஸ்தி. ஜூலைலதான் பாக்க முடியும். எங்க வீட்டுல ஒண்ணு போனது போதும்" என்று உன் கடிதத்தை முத்திரைப் பெட்டிக்கு அடியில் வைத்தாள். வைக்கச் சொன்னவள் நான். அவள் தயங்கியபோது அவள் கையைப் பிடித்து வைத்தவள் நான். அம்மாவையும் அத்தையையும் திட்டாதே.

அதற்குப் பிறகு உனக்கு எழுதுவதற்கு மேசைமுன் ஐந்து தடவை உட்கார்ந்தேன். "இந்தப் பக்கம்" என்று ஒரு பொய்யை எழுதினால் தீர்ந்தது. எழுத வரவில்லை. வாயால் என்றால் சொல்லியிருப்பேன். அதனால் தேதி தாண்டட்டும் என்று பேசாமல் இருந்தேன். உனக்கு இருந்த ஒரே ஆசையை உன்னிடமிருந்து எடுத்தேன் லோர்ன், தெரிந்தே எடுத்தேன். உனக்குத் தெரியாமல் நீ அந்த வலையில் போய் விழுவதைப் பார்த்துக்கொண்டிருக்க என்னால் ஆகவில்லை. திட்டு. திட்டுவதற்கு நீ இருக்கிறாய், எனக்கு அது போதும்.

ஜூலை பிறந்துவிட்டதால் அத்தை நகலைக் கொடுத்துவிட்டாள். இதோடு இருக்கிறது. மூன்று டாலரையும் திருப்பிக் கொடுத்திருக்கிறாள்.

ஏவிஸ்


கேலப் தீவு
ஆகஸ்ட் 12, 1970

தம்பிக்கு,

இங்கே எல்லாரும் சுகம். உன் சுகம் தெரியவில்லை. ஐந்து வாரமாயிற்று. கடிதம் கிடைத்தது என்று ஒரு கார்டாவது போடு, வேறு எதுவும் எழுத வேண்டாம்.

பாதிரியார் ஒரு பந்தைப் பிடித்துவிட்டார். தீவு முழுக்க அதுதான் பேச்சு. டெல்மரைப் போருக்குக் கப்பலேற்றிவிட்டார்கள். அம்மா தினமும் அஞ்சலகம் வரை நடந்துபோய், உள்ளே போகாமல் திரும்பி வருகிறாள். நான் அங்கே வெறுங்கையோடு நிற்பதை அவள் பார்க்க விரும்பவில்லை.

ஏவிஸ்


சாந்த் அமெலி, கியூபெக்
செப்டம்பர் 21, 1970

அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. இரண்டும் கிடைத்தன. எனக்கு உடம்பு நன்றாக இருக்கிறது. ஆலையின் கந்தக நாற்றத்துக்கு மூக்குப் பழகிவிட்டது. இங்கே பத்துக்கு நாலு அடிக்கிறேன். அதில் பெருமை ஒன்றுமில்லை, எதிரே பந்து வீசுகிறவன் பகலெல்லாம் மரக்கட்டை தூக்கிவிட்டு வருகிறான்.

ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். ஏழு என்று எனக்குத் தெரியும். அந்தப் பட்டியல் வெதர்ஸ்பியில் எங்கள் உடைமாற்றும் அறைக் கதவில் ஒட்டியிருந்தது. ஒவ்வொருவனும் தன் தேதியைச் சுற்றிக் கோடு போட்டிருந்தான். டானி எங்கே கிளம்பினான் என்று உனக்கு எழுதாமல் விட்டது வேண்டுமென்றேதான். அவன் நம்பர் பதினொன்று, ராணுவத்துக்குத்தான் போனான். நான் அக்கரைக்காரன் என்றால் என்ன ஆகும் என்று பக்கிடமே கேட்டேன். "ராணுவக் காகிதம் நத்தை வேகத்துலதான்டா வரும். செப்டம்பர் வரைக்கும் உன்னை வெச்சு ஆடிடுவேன்" என்றார். சரி என்றேன். செப்டம்பர் வரைக்கும் நடு வெளிமைதானம், அதற்குப் பிறகு எது வந்தாலும் வரட்டும் என்று தெரிந்தேதான் உன்னிடம் கேட்டேன். எனக்குத் தெரியாமல் வலையில் விழுகிறேன் என்று நீ எழுதியிருந்தாய். அதைப் படித்துத்தான் இவ்வளவு நாள் எழுதவில்லை. விழுவதா வேண்டாமா என்பது என் காரியம் அக்கா. நீ சொல்லியிருந்தால் நான் போயிருப்பேன். உனக்கும் அது தெரியும். தெரிந்துதான் பூட்டி வைத்தாய்.

போன சனிக்கிழமை மான்ட்ரியாலுக்குப் பேருந்தில் போனேன். எலாடியோவைப் பெரிய லீக்குக்கு ஏற்றிவிட்டார்கள், அவன் அணி அங்கே ஆட வந்திருந்தது. செய்தித்தாளில் பெயரைப் பார்த்ததும் எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. பொறாமைதான், மறைக்க என்ன இருக்கிறது. அந்தக் காகிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனேன். அவனிடம் காட்ட வேண்டும் என்று இருந்தது. பாருடா, இது மட்டும் பத்து நாள் முன்னால் வந்திருந்தால் நானும் இந்தப் புல்லில் நின்றிருப்பேன் என்று யாரிடமாவது சொல்ல வேண்டும். வேறு யாரிடம் சொல்வது?

ஆட்டத்துக்கு முன் கம்பி வேலியோரம் போய்க் கூப்பிட்டேன். ஓடி வந்தான். வேலி வழியாக விரலை விட்டு என் விரலைப் பிடித்துக்கொண்டான். இளைத்திருந்தான்.

"உங்க அக்கா எழுதினாங்களா?"

"எழுதினாங்க."

"என்னன்னு? படகு எந்தப் பக்கம்?"

கேட்டுவிட்டு என்னைப் பார்க்கவில்லை. கீழே தன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தான். சாப்பிடாமல், தூங்காமல், இந்த இடம் தன்னுடையதா என்று மூன்று மாதமாக அவனும் அலைந்திருக்கிறான் என்று அந்தக் குனிந்த தலையிலேயே தெரிந்தது. காகிதம் என் பையில் இருந்தது. கையை விட்டு எடுத்தால் போதும்.

"இந்தப் பக்கம்டா" என்றேன். "காகிதமே கிடையாது. நான் எப்படியும் போகவேண்டியவன்தான்."

அவன் தலையைத் தூக்கினான். "அப்ப நான் உன் இடத்தை எடுத்துக்கல?"

"இல்லடா. போய் ஆடு."

அன்றைக்கு அவன் இரண்டு அடி அடித்தான். நான் கடைசி வரை இருந்து பார்த்தேன்.

திரும்பி வரும்போது பேருந்தில் உன்னைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தப் பொய்யைச் சொல்ல எனக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, யோசிக்கவும் இல்லை. நீ அதை எழுத முடியாமல் ஐந்து தடவை மேசைமுன் உட்கார்ந்தாய்.

உன் மேல் எனக்குக் கோபம் போகவில்லை. போய்விட்டது என்று எழுதினால் அது பொய், அதை இப்போது எழுதமாட்டேன். கடிதத்தில் திட்டினால் எனக்குத் தீராது, நேரில் வந்து கத்த வேண்டும். அக்டோபர் பத்தாம் தேதி கடைசிப் படகில் வருகிறேன். அம்மா முன்னால் கத்த முடியாது. துறைக்கு நீ மட்டும் வா.

லோர்ன்